சேகண்டியை உடைத்த கை

முன்னொரு காலத்தில் என்று நிதானமாகத் தொடங்க வேண்டிய கதைதான் இது. ஆனால் தொடங்குவதற்குள் சேகண்டி உடைந்துவிட்டது.

நாலு துண்டு. ஒன்று கயிற்றிலேயே தொங்கியது. இரண்டு தூணடியில் கிடந்தன. நாலாவது ராஜாவின் காலடி வரை உருண்டுபோய், ஆடி, அடங்கியது. சபையில் முந்நூறு பேர் இருந்தார்கள். புதுச் சேகண்டியின் முதல் அடியை ராஜாதான் அடிக்க வேண்டும் என்பது அந்த ராஜ்ஜியத்து வழக்கம். ராஜா அடித்தார். ஓசைக்குப் பதிலாக ஓடு நொறுங்குகிற சத்தம் வந்தது. அடித்த தடி இன்னும் அவர் கையில் இருந்தது.

தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான் இடும்பன். அவன் அந்த அரண்மனையின் விகடகவி. வயது பதினேழு. கோயில் திருவிழாவில் ராஜாவைச் சிரிக்க வைத்ததற்காக அரண்மனைக்குக் கூட்டி வரப்பட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த மூன்று மாதத்தில் அவன் பயப்படாமல் சாப்பிட்ட வேளை என்று ஒன்றுகூட இல்லை. இன்றைக்கு உடைந்த சேகண்டியைச் செய்தவர் காளத்தி ஆசாரி. அவரை அரண்மனைக்குக் கூட்டி வந்தவன் இடும்பன்.

"இந்தச் சேகண்டியை உடைச்ச கை, பொழுது சாயறதுக்குள்ள துண்டாகணும்," என்றார் ராஜா.

குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாமல் பேசும்போதுதான் பயப்பட வேண்டும் என்பது அரண்மனைப் பூனைக்கும் தெரியும். சபையில் ராஜா வாயிலிருந்து விழுந்த உத்தரவைத் திருப்பி எடுத்தும் வழக்கமில்லை.

முந்நூறு தலைகளும் காளத்தியின் பக்கம் திரும்பின. இரண்டு காவலர்கள் அவரைப் பிடித்து இழுத்து, முற்றத்து வெட்டுக்கட்டைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வலது கையைக் கட்டை மேல் நீட்டி வைத்து மணிக்கட்டைக் கயிற்றால் கட்டினார்கள். காளத்தி தன் கையையே, அது யாருடையதோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேகண்டியை அடித்தது யார் கை என்று முந்நூறு பேருக்கும் தெரியும். இடும்பனுக்கும் தெரியும். சொன்ன சொல்லைச் சொன்னபடியே பிடித்துக்கொள்வதுதான் அவன் பிழைப்பு. ஒருமுறை "என் நிழல் மாதிரி கூடவே இரு" என்று ராஜா சொன்னதற்கு, உச்சி வேளையில் அவர் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டவன் அவன். இப்போதும் ஒரு வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. ராஜாவின் முகத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

*

இவ்வளவுக்கும் காரணம் ராஜாவின் முழங்கால்.

அவருக்கு வலது முழங்கால் மடக்கி நீட்டினால் 'நொடுக்' என்று சத்தம் போடும். மண்டப வாசலிலிருந்து சிம்மாசனம் வரை நாற்பது அடி. வாசலில் அவர் கால் வைத்ததும் சேகண்டி ஒலிக்கும். பழைய சேகண்டியின் ஓசை பாதி வழியிலேயே அடங்கிவிடும். மீதி இருபது அடியும் சபை எழுந்து நின்று ராஜாவின் முழங்காலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

"நான் உக்காருற வரைக்கும் ஓசை நிக்கக் கூடாது. அப்படி ஒரு சேகண்டி வேணும்," என்றார் ராஜா ஒருநாள்.

ஆகாத காரியம் என்றார்கள் எல்லோரும். ஆயுதசாலைத் தலைவர் மழவராயர் ஒருபடி மேலே போய், "மகாராஜா வேகமா நடந்தா சரியாப் போயிடும்," என்று சொல்லி, ராஜா பார்த்த பார்வையில் கடைசி வார்த்தையை இருமலாக மாற்றிக்கொண்டார். இடும்பன் மட்டும், "எங்க தெருவுல காளத்தி மாமா செய்வாரு," என்றான். அவனுடைய அப்பா மூக்கன், வெண்கலம் வார்க்கிற கன்னார் தெருவில் காளத்தியின் உலைக்குத் துருத்தி ஊதுகிறவர். இடும்பன் தவழ்ந்ததே அந்தக் கரியில்தான்.

மழவராயருக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. முப்பது வருஷம் வாள் அடித்துக் கொடுத்து வாங்கிய இடம் அவருடையது. நேற்று வந்த ஒரு பொடியன் உலோகத்தைப் பற்றி வாய் திறக்கிறான், ராஜா காது கொடுத்துக் கேட்கிறார்.

எட்டுப் பங்கு செம்புக்கு ரெண்டேகால் பங்கு வெள்ளீயம் சேர்த்து உருக்கி, வார்த்து, சிவக்கச் சிவக்க அடித்து, பதம் பார்த்துத் தண்ணீரில் அமுக்கிக் காளத்தி அந்தச் சேகண்டியைக் கொண்டு வந்தார். தேன் நிறத்தில் இருந்தது. விரலால் சுண்டிப் பார்த்த ராஜாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. நாளைக்குச் சபையில் முதல் அடி என்று சொல்லி, அதுவரை ஆயுதசாலையில் பூட்டி வைக்கச் சொன்னார். அரண்மனையில் பூட்டு உள்ள இடம் அதுதான்.

மறுநாள் அடித்தபோது நாலு துண்டு.

*

இடும்பன் தூணைவிட்டு நகர்ந்து, காலடியில் கிடந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தான். அது அவன் கைக்காப்பில் பட்டு டக்டக் என்றது. உடைந்த விளிம்பு சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. முன்பக்கம் தேய்த்து மினுக்கப்பட்டிருந்தது. பின்பக்கம் தேன் நிறம் போய், நீலமும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. விளிம்பின் மடிப்பில் நகத்தை விட்டுக் கிண்டினான். வெள்ளையாக ஏதோ உதிர்ந்தது. சாம்பல்.

அவனுக்கு விளங்கிவிட்டது. முடித்துக் கொடுத்த சேகண்டியை யாரோ மறுபடி நெருப்பில் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆற விட்டிருக்கிறார்கள். கன்னார் தெருவில் நாலு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், மணி வெண்கலத்தைச் சிவப்பு மாறுவதற்குள் தண்ணீரில் போட வேண்டும், ஆற விட்டால் செத்தது. ஆனால் ஆயுதசாலைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு துருத்திக்காரன் மகன் வீடு போய்ச் சேர முடியுமா?

"பாத்தீங்களா மகாராஜா," என்றார் மழவராயர். அவர் குரலிலும் ஏதோ பிசிறு இருந்தது. "செம்பு மெத்துனு இருக்கும். வெள்ளீயம் பல்லால கடிச்சா பதியும். ரெண்டு மெத்தும் சேர்ந்தா இப்படியா நொறுங்கும்? என்னத்தையோ கலந்து ஏமாத்தியிருக்கான்."

ராஜா இடும்பனைப் பார்த்தார். "நீதானே கூட்டியாந்தே. என்ன சொல்றே?"

"கலப்போட குணமே அப்படித்தாங்க மகாராஜா." என்றான் இடும்பன். "அப்பனும் சாது, ஆத்தாளும் சாது, பிள்ளை மட்டும் முரடு. செம்போட துத்தநாகம் சேர்ந்தா பித்தளை. அது அடிச்ச அடிக்கு வளைஞ்சு குடமாகும். வெள்ளீயம் கொஞ்சமாச் சேர்ந்தா சிலை. நெறையச் சேர்ந்தா மணி. அதுக்கும் மேல போனா முகம் பாக்கிற கண்ணாடி, கீழ விழுந்தா அவ்வளவுதான். உங்க மோதிரம்கூடச் சுத்தத் தங்கம் இல்லைங்க. செம்பு சேர்க்கலேன்னா ஒரு வெத்தலை மடிக்கிறதுக்குள்ள நெளிஞ்சிரும்."

ராஜா தன் விரலைப் பார்த்துக்கொண்டார்.

"துருத்தி ஊதுறவன் பிள்ளை சபையிலயும் நல்லா ஊதறான்," என்றார் மழவராயர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

இடும்பன் தடாலென்று தரையில் விழுந்தான். அதில் நடிப்பு பாதி, பயம் பாதி. "மகாராஜா, ஒரே ஒரு வேண்டுதல். மாமாவை என்ன வேணா பண்ணுங்க. இந்தத் துண்டைக் காய்ச்சித் தண்ணியில மட்டும் போட்டுறாதீங்க."

"தண்ணியைப் பத்தி யாருடா பேசினா?"

"யாரும் பேசலைங்க. பேசிறப் போறாங்களேன்னு பயம்."

மழவராயரின் கண் பளிச்சிட்டது. சிவக்கக் காய்ச்சிய வாளைத் தண்ணீரில் அமுக்கினால் அது கண்ணாடி போல இறுகிவிடும், அந்த நிலையில் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் தெறித்துவிடும். முப்பது வருஷமாக அவர் கையால் செய்து கண்ட உண்மை அது. உலோகம் என்றால் அவருக்கு இரும்புதான்.

"அதே சோதனையை வைக்கலாம் மகாராஜா," என்றார். "காய்ச்சணும், தண்ணியில போடணும், சம்மட்டியால நானே ஒரு அடி அடிக்கிறேன். உடையலேன்னா கலப்பு நேர்மையானதுன்னு ஒத்துக்கறேன்."

"ஐயோ, சாம்பல்ல ஆற விடுங்க மகாராஜா," என்று இடும்பன் தரையிலிருந்தே அழுதான். "ஆயுதசாலையில இரும்பை மெத்துனு ஆக்கணும்னா சாம்பல்லதானே ஆற விடுவாங்க. அந்தத் தயவை எங்க மாமாவுக்கும் காட்டச் சொல்லுங்க."

சாம்பல் என்ற சொல்லைக் கேட்டதும் மழவராயர் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு வேறெங்கோ பார்த்தார்.

ராஜா நெற்றியைத் தேய்த்தார். "ஒருத்தன் தண்ணிங்கறான். ஒருத்தன் சாம்பல்ங்கறான். ரெண்டு துண்டு எடுங்க. ரெண்டையும் செஞ்சு பாப்போம். எங்கண்ணு முன்னாடி."

*

முற்றத்தில் உலை மூட்டினார்கள். துருத்தியை இடும்பனே பிடித்தான். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு பழகிய வேலை. ஐந்தடி தூரத்தில் காளத்தி, கை கட்டை மேல் கட்டியபடி, உலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் துண்டு மாதுளம்பூ நிறத்துக்கு வந்தது.

"இன்னும் ஊது," என்றார் மழவராயர். "வெள்ளையாகட்டும்."

இடும்பனுக்குக் கை வேகமெடுத்தது. பயந்தால் அவன் கை யார் சொன்னாலும் கேட்கும்.

"போதும் மாப்ளே," என்றார் காளத்தி. காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. "இன்னும் நாலு ஊது ஊதினேன்னா புட்டு மாதிரி உதிர்ந்துரும். எடு."

எடுத்தான். இடுக்கியோடு தொட்டித் தண்ணீரில் அமுக்கினான். சுரீரென்று ஆவி கிளம்பி அவன் முகத்தை மறைத்தது. அந்த மறைவில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டாவது துண்டையும் அதே நிறத்துக்குக் காய்ச்சி, சூடான சாம்பலுக்குள் புதைத்தார்கள். ஆறுவதற்குப் பத்து நாழிகை ஆனது. ராஜா எழுந்து போகவில்லை. முற்றத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெயில் நகர நகர, கட்டை மேலிருந்த காளத்தியின் கை நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தது. யாரும் அதை நிழலுக்கு நகர்த்தவில்லை. ஈ ஒன்று கட்டை விரலில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்தது.

சாம்பலைக் கிளறியபோது பொழுது மேற்கே இறங்கியிருந்தது.

மழவராயர் சம்மட்டியை எடுத்தார். தண்ணீர்த் துண்டைப் பட்டறைக் கல்லில் வைத்து, தோள் வரை தூக்கி அடித்தார்.

ணங்.

துண்டு துள்ளி விழுந்தது. உடையவில்லை. மறுபடி அடித்தார். ஒரு பக்கம் வளைந்தது. மூன்றாவது தடவை அடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. துண்டு இன்னும் முழுதாக இருந்தது, ஒவ்வொரு அடிக்கும் முற்றம் முழுக்கக் கேட்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தது.

"அந்தச் சாம்பல் துண்டைக் கொண்டா," என்றார் ராஜா. சம்மட்டியை வாங்கவில்லை. துண்டைக் கல்லில் வைத்துத் தன் கைத்தடியால் ஒரு போடு போட்டார். ஓடு போல மூன்றாக நொறுங்கியது.

ராஜா குனிந்து ஒரு சில்லை எடுத்தார். பின்பக்கம் நீலமும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. சொல்லாமலே காவலன் ஒருவன் காலையில் உடைந்த துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நீலம், அதே கறுப்பு. காலைத் துண்டின் விளிம்பு மடிப்பைத் தட்டினார். உள்ளங்கையில் சாம்பல் கொட்டியது.

"நேத்து இதைப் பூட்டி வச்சது எங்கே?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை.

மழவராயரின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. மெதுவாக மண்டியிட்டார்.

"உடைக்க நெனைக்கலை மகாராஜா. எங்க அம்மா மேல ஆணையா உடைக்க நெனைக்கலை. இரும்பைக் காய்ச்சிச் சாம்பல்ல ஆற விட்டா மெத்துனு ஆயிடும். இதுவும் அப்படித்தான் ஆகும்னு நெனச்சேன். அடிச்சா பலகையைத் தட்டின மாதிரி டொக்குனு சத்தம் வரும், சபை சிரிக்கும், இந்தப் பையன் தலை குனிவான். அவ்வளவுதான் எண்ணம். இது இரும்புக்கு நேர்மாறாப் போற உலோகம்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சபோது ஆசாரி கை கட்டை மேல இருந்துச்சு. வாய் வரலை."

ராஜா காவலர்களைப் பார்த்தார். "ஆசாரியை அவிழுங்க." பிறகு அதே தாழ்ந்த குரலில், "உத்தரவு அப்படியேதான் இருக்கு. இவரைக் கட்டுங்க."

*

காளத்தி எழுந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். அந்த இடத்தில் மழவராயரின் கை வந்தது. அறுபது வயதுக் கை. முழங்கை வரை உலைப்பொறி பட்ட தழும்புகள், புள்ளி புள்ளியாக. விரல்கள் கட்டையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்து வழுக்கின. வெட்டுகிறவன் கோடரியின் கூர்மையைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

இடும்பன் அந்தத் தழும்புகளைப் பார்த்தான். அவன் அப்பாவின் கையில் இருப்பதும் அதே புள்ளிகள்தான். சூரியன் மதில் மேல் உட்கார்ந்திருந்தது.

"மகாராஜா," என்றான். தன் குரல்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. "உத்தரவை இன்னொரு தடவை கேட்டுக்கலாமுங்களா?"

"சேகண்டியை உடைச்ச கை துண்டாகணும்."

"மழவராயர் அதைக் காய்ச்சினாரு. அப்பவும் அது முழுசாத்தான் இருந்துச்சு. சாம்பல்ல புதைச்சாரு. எடுத்தப்பவும் முழுசு. நாலு பேர் தூக்கியாந்து கயித்துல கட்டினாங்க, முழுசாத்தான் தொங்குச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அதை உடைச்ச கை ஒண்ணே ஒண்ணுதாங்க." நிறுத்தினான். "அது மோதிரம் போட்ட கை."

கோடரிக்காரன் கோடரியை மெல்லத் தரையில் இறக்கி, அதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டான். வேறு எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ராஜா தன் வலது கையைத் தூக்கி முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். மோதிரத்தை ஒருமுறை சுற்றிவிட்டார்.

முதலில் ராஜாவின் தோள்தான் குலுங்கியது. கோபமா என்று பார்த்தார்கள். பிறகு வயிறு குலுங்கியது. பிறகு அவர் வாய்விட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து எழுந்தபோது முழங்கால் 'நொடுக்' என்றது, அதற்கும் சிரித்தார்.

"உத்தரவு போட்டவனே குத்தவாளின்னா உத்தரவு எங்கே போய் நிக்கும்? அவிழுங்கய்யா அவரை," என்றார். "மழவராயரே, சேகண்டி மறுபடி ஆகுற வரைக்கும் கன்னார் தெருவுல துருத்தி ஊதும். இரும்பு மட்டும்தான் உலோகம்ங்கற எண்ணம் போகட்டும். இடும்பா, புதுச் சேகண்டிக்கு முதல் அடி உன்னுது. இனிமே இந்த ராஜ்ஜியத்துல எந்த ராஜாவும் முதல் அடி அடிக்க வேண்டாம். கைக்கு ஆபத்து."

சபை சிரித்தது. மழவராயர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கையை மடியில் வைத்து, மற்றொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

*

எட்டாம் நாள், உடைந்த துண்டுகளையே உருக்கிச் செய்த சேகண்டி மண்டபத்தில் தொங்கியது. அதே தேன் நிறம். ராஜா வாசலில் கால் வைத்தார். இடும்பன் தடியை ஓங்கி அடித்தான்.

ஓசை எழுந்து, கூரையைத் தொட்டு, தூண்தூணாகப் பரவியது. ராஜா அதற்குள் நடந்தார். பத்தடி, இருபதடி. முழங்கால் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முப்பது. சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்து அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். ஓசை அப்போதும் நின்றபாடில்லை. ராஜா குழந்தை மாதிரி சிரித்தார். சபை ஆரவாரம் செய்தது. தன் கழுத்துச் சரத்தைக் கழற்றி ராஜா இடும்பனுக்கு எறிந்தார். அவன் பிடித்தான்.

காளத்தி அவன் பக்கத்திலேயே, சேகண்டி ஆடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் கயிறு அறுத்த தடம் இன்னும் மாறவில்லை.

"மாப்ளே," என்றார் தணிந்த குரலில். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க மாமா."

"அந்த மோதிரக் கை பேச்சு. அது சாயங்காலம் உனக்குத் தோணினதா, காலையிலயே தோணினதா?"

இடும்பன் பொய் சொல்ல நினைத்தான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "காலையிலயே," என்றான்.

காளத்தி தலையை ஆட்டினார். அவர் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. ஓசை மெலிந்து, கம்பி போலாகி, இன்னும் காற்றில் இழுத்துக்கொண்டிருந்தது. அது அடங்கும் வரை அவர் காத்திருந்தார்.

"அப்போ அந்த ஆயுதசாலைப் பெரிய மனுஷனோட கைக்கு வெளிய வந்த வார்த்தை, எங் கை கட்டை மேல கெடந்தப்ப ஏன் மாப்ளே வரலை?"